இன்னமின்கா: தண்ணீர் இருந்த கரையில் பட்டினிச் சாவு எப்படி? ஆளில்லாத இடத்தில் ஊர் எதற்கு?

மெல்பர்ன் கோமதி:

வணக்கம். மகன் ஆறாம் வகுப்பு. மெல்பர்னிலிருந்து ஆஸ்திரேலியாவைக் கடந்து வடக்குக் கடல்வரை போகக் கிளம்பி வழியில் இறந்துபோன பர்க், வில்ஸ் பயணத்தைப் பற்றிப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து அந்த இடத்துக்கே போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஜூலை விடுமுறையில் தெற்கு ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இன்னமின்காவுக்குக் கிளம்பலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது.

வண்டி, தங்குமிடம் எல்லாம் அப்புறம் கேட்கிறேன். அதற்கு முன்னால் எனக்கே விளங்காத இரண்டு விஷயம். அவர்கள் செத்தது வறண்ட மணலில் இல்லை, கூப்பர் கிரீக் என்ற ஆற்றின் கரையில். தண்ணீர் இருந்தது, மீன் இருந்தது, பக்கத்திலேயே பழங்குடிக் குடும்பங்கள் நன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்துகொண்டிருந்தன. பிறகு எப்படிப் பட்டினி? மகன் கேட்டான், என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது, வரைபடத்தில் இன்னமின்கா என்று தட்டினால் ஒரு மாவட்டம் அளவுக்கு எல்லைக்கோடு விரிகிறது. உள்ளே நாலு கட்டடம்கூடத் தெரியவில்லை. மாட்டு மேய்ச்சல் நிலம் என்கிறார்கள். எதை மேய்கிறது? ஆளே இல்லாத இடத்தில் ஊர் எதற்கு வந்தது?

சரவணன் அடிலெய்ட்:

நாங்கள் போயிருக்கிறோம். ஒரு ஹோட்டல் (பார்தான்), ஒரு கடை, பெட்ரோல், பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம், ஆறு. அவ்வளவுதான் ஊர். ஆனால் ஆற்றங்கரை அருமை, பெலிக்கன் கூட்டம் கூட்டமாக இறங்கும்.

சரித்திரம் எல்லாம் என்னைக் கேட்காதீர்கள். மூம்பாவில் வேலை பார்க்கும் கீதாரி பேரன் அண்ணன் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். அண்ணா, வாங்க.

கீதாரி பேரன்:

வந்துவிட்டேன் தம்பி. மூம்பா எரிவாயு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை. மாதத்தில் பாதி அங்கே, பாதி அடிலெய்டில். தாத்தா ராமநாதபுரம் பக்கம் செம்மறி ஓட்டிக் கிடை போட்டவர். அதனாலோ என்னவோ, எந்த நிலத்தில் கால் வைத்தாலும் இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். கோமதி, உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

இன்னமின்காவில் பெய்யும் மழை வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர்கூட இல்லை. சென்னையில் 1,400. ஆனால் இந்த ஊரை வாழவைப்பது இங்கே பெய்யும் மழை இல்லை. குயின்ஸ்லாந்தின் நடுப்பகுதியில் பெய்யும் பருவமழை தாம்சன், பார்கூ என்ற இரண்டு ஆறுகளில் வந்து, வின்டோராவுக்கு மேலே ஒன்று கலந்து கூப்பர் கிரீக் ஆகிறது. அதற்குப் பிறகு தரை சமதளம். தண்ணீர் பல கிலோமீட்டர் அகலத்துக்கு நூறு கால்வாயாகப் பிரிந்து, ஊர்ந்து ஊர்ந்து, வாரக்கணக்கில் கழித்து இங்கே வந்து சேரும். தலைக்கு மேலே ஒரு மேகம் இருக்காது, சாலை முழுகிக் கிடக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து, ஏதோ குழாய் உடைந்துவிட்டதா என்று ஒருவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, 'குயின்ஸ்லாந்து மழை, போன மாதத்தது' என்றார்.

ஊருக்குச் சற்று கிழக்கே கெட்டியான பாறை மேடு ஒன்று ஆற்றைக் குறுக்கே நெருக்குகிறது. அத்தனை அகலமாக வந்த வெள்ளம் அந்த இடுக்கில் புகுந்து பாயும்போது அடியைத் தோண்டிவிடுகிறது. அப்படி உண்டான மடுதான் குல்லியமுர்ரா. ஆழம் 28 மீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய பஞ்சத்திலும் வற்றியதாகப் பதிவே இல்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மணலும் சரளைக்கல்லும், நடுவில் வற்றாத மடு. இதைத் தாண்டியதும் ஆறு கிளை பிரியும். ஒன்று வடமேற்கே கூங்கி ஏரிகளுக்கு, ஒன்று மேற்கே ஐயர் ஏரிப் பக்கம். அந்த ஏரி வரை கூப்பர் தண்ணீர் போவது அபூர்வம், 1974 போன்ற பெருவெள்ளத்தில்தான். மூன்றாவதாகத் தெற்கே ஸ்ட்ரெஸ்லெக்கி கிரீக். பெருவெள்ளத்தில் கூப்பர் வழிந்தால்தான் அதில் தண்ணீர், மற்ற வருஷமெல்லாம் மணல். இதை மட்டும் மனதில் வையுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

இந்த மடுக்களின் சொந்தக்காரர்கள் யாந்துருவாந்தா மக்கள். மீன், சிப்பி, பறவை, நார்டூ என்ற செடியின் மாவு என்று சாப்பாட்டுக்குக் குறையில்லை. காவி மண் தெற்கே பிளிண்டர்ஸ் மலையிலிருந்தும், மெல்லும் பிச்சூரி இலை வடக்கேயிருந்தும் பண்டமாற்றில் வரும். இடுக்குப் பாறையில் அவர்கள் செதுக்கிய வட்டங்களையும் கோடுகளையும் இன்றும் பார்க்கலாம். 1845-ல் சார்ல்ஸ் ஸ்டர்ட் வந்து ஆற்றுக்கு ஒரு நீதிபதியின் பெயரை வைத்துவிட்டுப் போனார்.

இனி பர்க். ராபர்ட் ஓ'ஹாரா பர்க் அயர்லாந்துக்காரர், போலீஸ் அதிகாரி. காட்டுப் பயண அனுபவம் கிடையாது. 1860 ஆகஸ்ட் 20-ல் மெல்பர்னிலிருந்து பெரும் ஊர்வலமாகக் கிளம்பினார்கள். ஒட்டகங்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை, ஒட்டகக்காரர்களும் சிலர் அப்படியே. உடன் வந்த ஜான் கிங் பட்டாளத்தில் இந்தியாவில் இருந்தவர். கூப்பர் கரையில் கூடாரம் போட்டு, சிலரை அங்கே விட்டுவிட்டு, பர்க், வில்ஸ், கிங், கிரே நாலு பேரும் டிசம்பர் 16-ல் வடக்குக் கடலை நோக்கிப் போனார்கள். திரும்பும் வழியில் கிரே இறந்தார். மற்ற மூவரும் 1861 ஏப்ரல் 21 சாயங்காலம் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாலு மாதத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் கிளம்பியிருந்தார்கள். மரத்தில் 'தோண்டு' என்று செதுக்கி, அடியில் கொஞ்சம் உணவு புதைத்திருந்தார்கள்.

இதுவரை உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். புத்தகத்தில் வேகமாகத் தாண்டிப்போவது இதற்கு அடுத்தது. வந்த வழியே போகாமல், தென்மேற்கே மவுண்ட் ஹோப்லெஸ் பக்கம் இருந்த போலீஸ் சாவடியைப் பிடிக்கலாம் என்று பர்க் முடிவு செய்தார். அதாவது ஸ்ட்ரெஸ்லெக்கி வழி. லண்டா என்ற ஒட்டகம் சேற்றில் புதைந்தது. ராஜா என்ற மற்றொன்று எழ முடியாமல் போகச் சுட்டுவிட்டார்கள். தண்ணீர் சுமக்க ஒட்டகம் இல்லை, வழியில் தண்ணீரும் இல்லை. திரும்பவும் கூப்பருக்கே வந்தார்கள். இதற்கு நடுவில் கூடாரத்தில் இருந்தவர்கள் ஒருமுறை திரும்பி வந்து பார்த்தார்கள். பர்க் வந்துபோன அடையாளம் எதையும் மேலே விட்டுவைக்காததால், யாரும் வரவில்லை என்று நினைத்துப் போய்விட்டார்கள். யாந்துருவாந்தாக்கள் மீனும் நார்டூ ரொட்டியும் கொடுத்தார்கள். பர்க் அவர்களைத் திருடர்களாகவே பார்த்தார். மீன் கொண்டுவந்தவர்கள் பயந்து ஓடும்படி துப்பாக்கியும் வெடித்தது. அதற்குப் பிறகு அந்த மக்கள் தள்ளிப்போய்விட்டார்கள்.

ஜூன் கடைசியை ஒட்டி வில்ஸும் பர்க்கும் இறந்தார்கள். கிங் அந்த மக்களைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டார், பிழைத்தார். செப்டம்பர் 15-ல் தேடி வந்த குழு அவரை அவர்களோடுதான் கண்டுபிடித்தது. ஆக, சாப்பாடு இருந்தது. அதைச் செய்யத் தெரிந்தவர்களோடு சுமுகமாக இருக்கத் தெரியவில்லை.

சரி, இப்போது மாடு. 1870-ல் ஹாரி ரெட்ஃபோர்ட் என்ற ஆள் குயின்ஸ்லாந்தில் போவன் டவுன்ஸ் பண்ணையிலிருந்து சுமார் ஆயிரம் மாடுகளைத் திருடி, தாம்சன், பார்கூ, கூப்பர் வழியாக இறக்கி, ஸ்ட்ரெஸ்லெக்கி கிரீக்கோடு தெற்கே ஓட்டி, பிளான்ச்வாட்டர் பண்ணையில் 5,000 பவுண்டுக்கு விற்றார். பிளான்ச்வாட்டர் இருப்பது மவுண்ட் ஹோப்லெஸ் பக்கத்தில்! மூன்று பேர் கடக்க முடியாமல் திரும்பிய அதே வழியில், 9 வருஷம் கழித்து ஆயிரம் மாடு நடந்து போயிருக்கிறது. நல்ல வெள்ளம் கண்ட காலம், வழிநெடுக மடுவில் தண்ணீர், கரையில் புல். ரெட்ஃபோர்ட் திருடர்தான், ஆனால் நிலத்தின் நேரம் பார்க்கத் தெரிந்த மேய்ப்பர். என் தாத்தா இருந்தால் பாதித் திருட்டை மன்னித்திருப்பார்.

மாட்டிவிட்டது மந்தையில் கலந்து வந்த ஒரு வெள்ளைக் காளை. சீமையிலிருந்து இறக்கியது, பார்த்தால் அடையாளம் தெரியும். வழியில் ஒரு கடையில் மளிகைக்கு ஈடாக அதைக் கொடுத்துவிட்டார். வழக்கு 1873-ல் ரோமா நகரில் நடந்தது, காளையையே சாட்சியாக ஓட்டிவந்தார்கள். ஜூரி என்ன செய்தது தெரியுமா? குற்றவாளி இல்லை என்றது! அரசு கடுப்பாகி அந்த நீதிமன்றத்தின் குற்றவியல் அதிகாரத்தையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. ஆனால் ஸ்ட்ரெஸ்லெக்கி வழியாக மாடு ஓட்டலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஊர் வந்த கதையை அடுத்து எழுதுகிறேன், ஷிப்டுக்கு நேரமாகிறது.

மெல்பர்ன் கோமதி:

அண்ணா, மகனுக்கு வாசித்துக் காட்டினேன். காளை சாட்சி சொன்ன இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஒரு சந்தேகம். நார்டூ என்று தேடினால் வரும் படத்தில் நாலு இலை ஒரே காம்பில் நிற்கிறது. எங்கள் அப்பத்தா வயல் வாய்க்காலில் பறித்துப் பொரியல் செய்யும் ஆராக்கீரை அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். இரண்டும் ஒன்றா? அப்படியானால் அதைத் தின்று எப்படிச் சாவார்கள்?

தாவரம் செல்வி:

கோமதி, கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இரண்டும் மார்சிலியா என்ற ஒரே பேரினம். நம் வயலில் முளைக்கும் ஆரைக்கீரை ஓர் இனம், நார்டூ அதன் ஆஸ்திரேலிய உறவு. பார்க்கக் கீரை மாதிரி இருந்தாலும் இது பெரணி வகை, பூ கிடையாது. நாம் இலையைச் சாப்பிடுகிறோம். கூப்பர் கரையில் சாப்பிட்டது இலையை அல்ல. வேருக்குப் பக்கத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கல் மாதிரி ஒரு காய் இருக்கும், விதைத்தூள் அதற்குள். வெள்ளம் வடிந்து சேறு காய்ந்ததும் கூடை கூடையாகப் பொறுக்கலாம். வறட்சியில் பல வருஷம் கெடாமல் கிடக்கும்.

சிக்கல் என்னவென்றால், நார்டூவில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் தயாமினேஸ் என்ற நொதி ஏராளம். பழங்குடிப் பெண்கள் காயை வறுத்து, கல்லில் அரைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கூழாக்கிச் சிப்பி ஓட்டால் எடுத்துக் குடித்தார்கள். இந்தப் பக்குவத்தில் நொதியின் வேகம் அடங்குகிறது. பர்க் ஆட்கள் வெறுமனே இடித்து மாவாக்கித் தின்றார்கள். வயிறு நிரம்பியது, உடம்பு கரைந்தது, கால் தள்ளாடியது. பெரிபெரி நோயின் அடையாளம் இது. வில்ஸ் கடைசி நாட்களில், நார்டூ பசியை நன்றாகவே ஆற்றுகிறது, ஆனால் பலம்தான் போய்க்கொண்டிருக்கிறது என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். வெறும் ஊட்டக்குறைவுதான் காரணம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எனக்கு பெரிபெரி விளக்கம்தான் பொருந்துகிறது. நார்டூவை அளவுக்கு மீறி மேய்ந்த செம்மறிகள் மூளை பாதித்துச் செத்ததும் ஆஸ்திரேலியாவில் பதிவாகியிருக்கிறது.

பையனின் ப்ராஜெக்டில் இரண்டு செடிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் அசந்துபோவார்.

கீதாரி பேரன்:

செல்வி அம்மா சொன்ன சிப்பி விஷயம் எனக்குப் புதிது, நன்றி. மடுவோரம் மணல் மேட்டில் பழைய சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும், காலில் நொறுங்கும். சமைத்துச் சாப்பிட்ட இடங்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். 1870-களில் இன்னமின்கா பண்ணைக்குக் குத்தகை போட்டார்கள். 1908-ல் சிட்னி கிட்மன் வாங்கினார். மாட்டு ராஜா என்று பெயர் எடுத்தவர். பண்ணையின் பரப்பு 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்கு. இதைக் கேட்டு மலைக்க வேண்டாம், நல்ல வருஷத்திலேயே சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மாடு என்ற கணக்குதான். கிட்மனின் புத்தி பரப்பில் இல்லை. வடக்கிலிருந்து தெற்குவரை ஆறுகளை ஒட்டி வரிசையாகப் பண்ணை வாங்கினார். ஒரு பக்கம் காய்ந்தால் மறுபக்கம் ஓட்டலாம், ஓட்டிக்கொண்டே ரயிலடிவரை கொண்டுவந்துவிடலாம். கிடை மாற்றுகிறவன் யோசனையேதான், அளவுதான் வேறு.

கோமதி கேட்ட 'எதை மேய்கிறது': வெள்ளம் வடிந்ததும் களிமண் தரையில் திடீரென்று புல்லும் பயறுவகைச் செடிகளும் பரவும், மாடு சில மாதத்தில் கொழுக்கும். மற்ற நேரம் உப்புச்செடி, புதர், ஆழ்குழாய்த் தண்ணீர். தொட்டி இருக்கும் இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். எல்லாத் திசையிலிருந்தும் ஒற்றையடி மாட்டுத் தடங்கள் வந்து கூடும். நெருங்க நெருங்கப் புல் குறைந்து, தொட்டியைச் சுற்றிப் புழுதி வட்டம். ஒரு துரும்பு இருக்காது. மாடு தண்ணீரை விட்டு இத்தனை தூரம்தான் போகும் என்று தரையே காட்டிக்கொடுக்கும். ஏன் மாடு மட்டும், ஆடு இல்லை என்றால், டிங்கோ என்ற காட்டுநாய். செம்மறியைக் காக்க 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள். இன்னமின்கா அதற்கு வடக்கே, நாய்ப் பக்கம்.

ஊர் வந்தது மாட்டால் மட்டும் இல்லை, வரியால். 1901-ல் கூட்டமைப்பு ஆகும்வரை குயின்ஸ்லாந்து ஒரு நாடு, தெற்கு ஆஸ்திரேலியா ஒரு நாடு என்ற கணக்கு. எல்லை தாண்டும் மாட்டுக்கும் சரக்குக்கும் தீர்வை. அதற்கு ஒரு போலீஸ் சாவடி, போலீஸ் இருந்தால் ஒரு ஹோட்டல், ஒரு கடை. 1890-ல் அரசு இதற்கு ஹோப்டவுன் என்று பெயர் சூட்டியது, யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கூட்டமைப்பு வந்ததும் தீர்வை போனது. 1928-ல் ஜான் ஃபிளின்னின் திருச்சபை அமைப்பு ஆஸ்பத்திரி கட்டியது. இரண்டு நர்ஸ்கள் மட்டும், டாக்டர் எங்கேயோ. குதிரையிலிருந்து விழுந்தவன், பிரசவ வலி கண்டவள் எல்லோருக்கும் அவர்கள்தான். லாரியும் விமானமும் வந்தபின் மாடு ஓட்டிகள் குறைய, 1950-களின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியும் மூடி ஊரே காலியானது. மிஞ்சியது ஹோட்டல் பக்கத்தில் மலைபோல் குவிந்த காலி பாட்டில்கள். அதையும் ஒரு வெள்ளம் கொண்டுபோனது.

1963 கடைசியில் கிட்ஜியல்பாவிலும் 1966-ல் மூம்பாவிலும் எரிவாயு கிடைத்தது, 1969-ல் அடிலெய்டுக்குக் குழாய் போனது. சாலை வந்தது, சாலையோடு சுற்றுலாக்காரர்கள், புது ஹோட்டல். இடையில் ஒரு கூத்து: தரைக்குக் கீழே 4 கிலோமீட்டருக்கு மேல் சூடான பாறை இருக்கிறது, அதில் மின்சாரம் எடுக்கலாம் என்று துளை போட்டார்கள். கிணறுகளுக்கு ஹபனேரோ, ஜொலோக்கியா என்று மிளகாய்ப் பெயர்கள், நம் அசாம் மிளகாய் உட்பட. 2013-ல் 1 மெகாவாட் ஓட்டிக் காட்டினார்கள். கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டார்கள்.

சிவப்புமண்:

கீதாரி அண்ணா, நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் கிட்மன் புத்திசாலி, ரெட்ஃபோர்ட் நல்ல மேய்ப்பர் என்று போகிற வேகத்தில் நிலம் யாருடையது என்பது நழுவுகிறது. யாந்துருவாந்தாக்களின் மடுக்களில் மாட்டைக் கட்டிவிட்டு அவர்களையே அதே பண்ணையில் வேலைக்கு வைத்தார்கள். இந்தப் பக்கப் பண்ணைகள் பலவற்றில் கூலி என்பது மாவு, சர்க்கரை, தேயிலை, துணி. மாடு மிதித்து மடுவோரம் நார்டூ விளையும் சேறு கெட்டதும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கீதாரி பேரன்:

சொல்ல வேண்டியதுதான் தம்பி. குதிரையேறி அத்தனை மாட்டையும் மடக்கியது பெரும்பாலும் அவர்கள்தான், பெயர் மட்டும் பண்ணை முதலாளிக்கு. 2015-ல் யாந்துருவாந்தா, யாவரவார்க்கா மக்களின் பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றது. குத்தகையும் எரிவாயுவும் அதனூடேயே நடக்கின்றன. 1988-லேயே இந்தப் பரப்பில் பெரும்பகுதியை ரிசர்வ் ஆக்கினார்கள். அதிலும் மேய்ச்சல், எரிவாயு, பாதுகாப்பு மூன்றும் ஒன்றாக. கூங்கி ஏரிகளை மட்டும் 2005-ல் தேசியப் பூங்காவாகப் பிரித்தார்கள். எனக்குச் சம்பளம் அந்த எரிவாயுவில் வருகிறது, அதனால் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அந்தப் புழுதி வட்டம் மடுவோரத்திலும் இருக்கிறது, கோமதி போகும்போது பார்க்கலாம்.

மெல்பர்ன் கோமதி:

எல்லோருக்கும் நன்றி. கடைசிக் கேள்வி: வழி எப்படி, பையன் தாங்குவானா?

கீதாரி பேரன்:

ஜூலை நல்ல மாதம். பகலில் இதமான வெயில், ராத்திரி நடுங்கும், கம்பளி வேண்டும். லிண்ட்ஹர்ஸ்டிலிருந்து ஸ்ட்ரெஸ்லெக்கி வழி 470 கிலோமீட்டர் சொச்சம், நடுவில் பெட்ரோல் கிடையாது. மூம்பா வழியில்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் ஆலையில் பொதுமக்களுக்கு ஒன்றும் கிடைக்காது, தண்ணீர் கேட்டு வந்து நிற்காதீர்கள். ஸ்பேர் டயர் இரண்டு வையுங்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம், சாட்டிலைட் போன் வாடகைக்கு எடுங்கள். கிளம்பும் நாள் காலையில் சாலை நிலவரம் பாருங்கள். மழை விழுந்தால் மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் போனால் அபராதம்.

பர்க், வில்ஸ் இறந்த இடங்களும் கிங்கைக் கண்ட இடமும் ஊருக்குப் பக்கத்திலேயே ஆற்றை ஒட்டி இருக்கின்றன, அடையாளக்கல் உண்டு. 'தோண்டு' என்று செதுக்கிய அந்த மரம் மட்டும் எல்லை தாண்டிக் குயின்ஸ்லாந்தில், ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கூலிபா மரம், இன்னும் உயிரோடு நிற்கிறது. செதுக்கிய எழுத்தை மரப்பட்டை மூடிக்கொண்டுவருகிறது, அதனால் மகன் எழுத்தைத் தேடி ஏமாறாமல் முன்பே சொல்லிவிடுங்கள். மரத்துக்குப் போகும் வழி மாட்டுப் பண்ணை ஊடாகத்தான். கேட் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும்.